அடைக்கிற நீக்கலும் விடுகிற நீக்கலும்

மாதிரி நீர்மூழ்கி ஒன்று செய்கிறோம், உண்மையாகவே தாழ்ந்து எழும்புகிற ஒன்று, என்று சொன்னதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "தண்ணி உள்ளுக்குப் போகாதா?" போகும். போகத்தான் வேண்டும்.

இப்படியான மாதிரிக்கு இரண்டு உடல்கள். உள்ளே, மோட்டர், பற்றரி, ரிசீவர் எல்லாம் இருக்கிற குழாய். அதற்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. வெளியே, கப்பலின் வடிவத்தைத் தருகிற கோது. தாழும்போது அது தண்ணியை உள்ளே எடுக்க வேண்டும், எழும்பும்போது வெளியே விட வேண்டும். ஆகவே நீக்கல் அடைப்பது என்றால் கண்ட இடமெல்லாம் பட்டி பூசுவது இல்லை. எதை அடைப்பது, எதை விடுவது என்று தெரிந்துகொள்வதுதான் வேலை. இந்த விடுமுறையில் நாங்கள் படித்தது அது. அந்தப் பாடம் கப்பலோடு மட்டும் நிற்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் மூன்று பேர். ஊர் திருகோணமலை. மூவரும் கலைப்பீடம்: புவியியல், வரலாறு, தமிழ். "ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளையளுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்காத ஆள் இல்லை. கைவேலை எல்லாம் வேறு பீடத்துக்காரருக்கு என்று யார் பிரித்து வைத்தது என்று நாங்கள் திருப்பிக் கேட்பதுண்டு. பதில் கிடைத்ததில்லை.

எந்தக் கப்பலைச் செய்வது என்பதை வரலாறு படிக்கிறவர் முடிவு செய்தார். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கிய கதை எங்கட ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு இது பிரித்தானிய நீர்மூழ்கிகளின் தளமாக இருந்த கதை அவ்வளவு தெரியாது. இங்கிருந்து போய்வந்த கப்பல்களில் ஒன்று 'டலி-ஹோ'. 'ரி' வகுப்பைச் சேர்ந்தது, நீளம் ஏறத்தாழ 84 மீற்றர். 1944 ஜனவரி 11 அன்று பினாங்குக்கு அப்பால் 'குமா' என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை அது மூழ்கடித்தது. அடுத்த மாதமே மலாக்கா நீரிணையில் ஒரு ஜப்பானிய டோர்பீடோப் படகு இருட்டில் அதன் இடப்பக்கத்தை உரசிக்கொண்டு போனது. படகின் சுழலி இலைகள், பக்கவாட்டில் இருந்த பலாஸ்ட் தாங்கிகளை வரிசையாகக் கிழித்துவிட்டன. ஆனால் ஆட்கள் இருந்த உள்ளுடல் கிழியவில்லை. ஒரு பக்கம் சரிந்தபடியே கப்பல் திருகோணமலைக்குத் திரும்பி வந்தது.

வெளிக்கோது கிழிந்தாலும் உள்ளுடல் தப்பினால் கப்பல் தப்பும். இதை விட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? நூறில் ஒரு பங்கு என்று வைத்தோம். 84 சென்ரிமீற்றர்.

உள்ளுடலுக்கு 63 மில்லிமீற்றர் எஸ்லோன் பைப், 40 சென்ரிமீற்றர் நீளம். இரண்டு முனையிலும் ஓ-ரிங் வைத்த மூடி. தாழ்வதற்கு 60 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று. சின்ன மோட்டர் ஒன்று அதன் தண்டை இழுத்தால் தண்ணி ஏறும், கப்பல் தாழும்; தள்ளினால் தண்ணி போகும், கப்பல் எழும்பும். வெளிக்கோதை மர அச்சில் பைபரால் இரண்டு பாதியாக எடுத்தோம். மேல்பாதி, கீழ்பாதி, முன்மூக்கு, பின்கூம்பு, நடுவில் நிற்கிற கோபுரம்: இவை சேருகிற இடமெல்லாம் நீக்கல்தான்.

அடைக்கிற வேலையைக் கடற்கரையில் பைபர் போட் திருத்துகிற ஒரு மாமாவிடம் பழகினோம். அவருடைய தகப்பன் காலத்தில் பலகை வள்ளங்களுக்குக் கலப்பத்து அடித்தார்களாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சுத்திரியை வைத்து, உளியால் தட்டி இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். பைபர் வந்த பிறகு அந்த வேலைக்கு ஆள் தேவை குறைந்துவிட்டது. கலப்பத்து என்ற சொல்லைத் தமிழ் படிக்கிற எங்கட ஆளே அகராதியில்தான் பார்த்திருந்தார். வாயால் சொல்லக் கேட்டது அன்றுதான்.

மாமாவின் முதல் கட்டளை: "பூசுறதுக்கு முதல் சுரண்டு." பளபளப்பான பைபரில் எதுவும் ஒட்டாது. நீக்கலின் இரண்டு கரையையும் 80ஆம் நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்து, ஈரம் இல்லாமல் காயவிட்ட பிறகுதான் பட்டி. அகலமான நீக்கலுக்குத் தனிப் பட்டி போதாது. உள்பக்கம் பைபர் மற் துண்டொன்றை றெசினில் நனைத்து ஒட்டிவிட்டு, வெளியே பட்டி நிரப்ப வேண்டும். பட்டி காயும்போது சுருங்கும் என்பதால் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி பூச வேண்டும். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசாமல் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. ஹாட்னரைக் கூட்டினால் கெதியாக இறுகும், ஆனால் வெடிக்கும். "காய விடு. நாளைக்கு வா," என்பார். நாங்கள் கேட்ட வசனங்களில் அதிகம் அதுதான்.

பிறகு தேய்ப்பு. விரலால் உப்புத்தாளை அழுத்தினால் விரல் போன இடம் பள்ளமாகும். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். 80, 180, 320, கடைசியில் 600. கடைசி இரண்டும் தண்ணி விட்டுத் தேய்க்கிற வோட்டர் பேப்பர். பள்ளம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு வழி: பூசின இடம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேய்ப்பது. மேடு இருக்கிற இடத்தில் கிறுக்கல் முதலில் அழியும். கடைசி வரை அழியாமல் நிற்கிற இடம்தான் பள்ளம். அங்கே திரும்பவும் பட்டி. பைபர் தூசி தோலில் பட்டால் இரவு முழுக்கக் கடி. நெஞ்சுக்குள் போகவே கூடாது. மாஸ்க், நீளக்கை சேட் இல்லாமல் ஒருவரும் தொடவில்லை. கார் பட்டி தண்ணியை மெதுவாக உறிஞ்சும் என்பதால் மேலே எப்பொக்சி ஒரு கோட் பூசி மூடினோம்.

அடைத்தது இவ்வளவு. விட்டது எது? கீழ்ப்பக்கம் வரிசையாகத் துளைகள், தண்ணி ஏறி இறங்க. மேல்தட்டில் நீளத் துளைகள், காற்றுப் போக. கோதுக்குள் காற்று ஒரு பக்கத்தில் அகப்பட்டால் கப்பல் தாழாது, அல்லது மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். பழைய 'ரி' வகுப்புக் கப்பல்களின் படத்தைப் பார்த்தால் மேல்தட்டின் பக்கத்தில் இந்தத் துளைகள் வரிசையாகத் தெரியும். அழகுக்கு வைத்தவை அல்ல அவை.

எல்லாம் சரி, எங்கே விடுவது? உலகத்தின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்கட வாசலில் கிடக்கிறது. அதில் ஒரு 84 சென்ரிமீற்றர் கப்பலை விட முடியுமா?

எங்களில் ஒருவரின் அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றா. பைப், வயர், பற்றரி, சுவிச், ரிமோட். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டா: "அந்தக் காலத்தில இதெல்லாம் ஒண்டாக் கண்டால் என்ன எண்டு சொல்லியிருப்பாங்கள் தெரியுமா? கடலுக்குக் கொண்டு போகாதேங்கோ."

எங்களுக்குத் தெரியும், ஆனால் படித்துத் தெரியும். மீன்பிடிக்கப் போகப் பாஸ் வேண்டியிருந்த காலம், என்ஜினின் குதிரைவலுவுக்கே கட்டுப்பாடு இருந்த காலம். 2009 ஜனவரியில் உடையார்கட்டுப் பக்கம் புலிகள் நீர்மூழ்கி கட்டிய இடத்தைப் பிடித்துவிட்டதாக இராணுவம் அறிவித்தது. அப்போது நாங்கள் நேர்சரிப் பிள்ளைகள். எங்களுக்கு நீர்மூழ்கி விளையாட்டுச் சாமான். அம்மாவுக்கு அது ஒருநாளும் விளையாட்டுச் சாமானாக இருந்ததில்லை. துறைமுகத்தின் பெரிய பகுதி இன்றும் கடற்படைத் தளம். அம்மாவின் பயத்தைச் "சும்மா பயம்" என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கணக்கும் அம்மாவின் பக்கம்தான் நின்றது. கடல்தண்ணி நல்லதண்ணியை விட ஏறத்தாழ 2.5 வீதம் பாரம் கூடியது. எங்கட குழாய் விலக்குகிற தண்ணி ஏறத்தாழ 1.25 லீற்றர். கடலில் அதே குழாயை 31 கிராம் கூடுதலாக மேலே தள்ளும். சிரிஞ்சின் பாதிப் பலம் உப்புக்கே போய்விடும். ரேடியோவும் அப்படித்தான். இப்போது வருகிற 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட்டுகளின் அலை கொஞ்சத் தண்ணிக்குள்ளேயே அடங்கிவிடும். பழைய விளையாட்டுக் கார்களின் 27 மெகாஹேர்ட்ஸ் அலை நல்லதண்ணிக்குள் போகும், உப்புத்தண்ணிக்குள் போகாது. மாதிரி நீர்மூழ்கி விடுகிறவர்கள் உலகமெங்கும் குளத்தையும் நீச்சல் தடாகத்தையும் தேடுவது இதனால்தான்.

கன்னியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டி, பத்தடி நீளம். அங்கே விட்டோம். அம்மாவும் வந்தா. சிரிஞ்ச் இழுக்க, மேல்தட்டுத் துளைகளால் குமிழி வந்தது. குமிழி நின்ற பிறகு கோபுரம் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. அரை நிமிடம் ஒருவரும் பேசவில்லை. எழும்பி வந்தபோது அம்மா கைதட்டினா. திரும்பி வருகிற வழியில், தன்னுடைய பதினெட்டாவது வயதில் சோதனைச் சாவடியில் ஒரு ரேடியோவுக்காக மறித்து வைக்கப்பட்ட கதையை முதல் தடவையாகச் சொன்னா. நாங்கள் கேட்டு வந்த கதை அல்ல. அவவாகச் சொன்னது.

எங்கட வீடுகளில் எத்தனையோ விசயங்கள் பட்டி பூசித் தேய்த்து வழுவழுப்பாக இருக்கின்றன. "அதெல்லாம் முடிஞ்சுது, படிப்பைப் பாருங்கோ" என்பதுதான் அந்தப் பட்டி. பூசினவர்களைக் குறை சொல்ல மாட்டோம். உள்ளுடல் தப்ப வேண்டும் என்றுதான் பூசினார்கள், தப்பியும் விட்டது. ஆனால் காற்று வெளியேற ஒரு துளை தேவை. அது பெரிய கூட்டம் வைத்துத்தான் கிடைக்கும் என்றில்லை. சில நேரம் ஒரு சீமெந்துத் தொட்டி போதும்.

வேலை முடியவில்லை. பின்கூம்பில், சுழலித் தண்டு வெளியே வருகிற இடத்தில் இன்னும் ஒரு நீக்கல் இருக்கிறது. வடிவாக இருக்க அடைக்க வேண்டும் என்கிறார் ஒருவர். மூக்கைக் குத்தித் தாழும்போது காற்று அங்கேதான் தேங்கும், விடு என்கிறார் இன்னொருவர். மூன்றாவது ஆள் பென்சிலோடு இருக்கிறார். பழைய 27 மெகாஹேர்ட்ஸ் ரிமோட் யாருடைய வீட்டிலாவது கிடந்தால் எறியாதேங்கோ, எங்களிடம் சொல்லுங்கோ.