மாடிப்படிக்கு அடியில் ஒரு கிழவி

பேய்ப் படம் என்றாலே நான் ஒதுங்கிப் போகிறவள். அன்று ராத்திரி தூக்கம் போச்சு, மறுநாள் வேலையும் போச்சு என்பது என் அனுபவம். ஆனால் விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வந்த பெரியவன், "இதில் பேயே வராதும்மா, தைரியமா உட்காரு" என்றான். பேய் வராத பேய்ப் படமா என்று எனக்கும் ஆவல் வந்துவிட்டது. சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். நான், என் கணவர், மாமியார், பெரியவன், பத்து வயதுச் சின்னவள்.

சின்னவளைத் தூங்க அனுப்பியிருக்க வேண்டும். அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்கள் துணையோடுதான் பார்க்கலாம் என்று சான்று கொடுத்த படமாம். "நானும், நானும்" என்று அடம் பிடித்தாள், விட்டுவிட்டேன். அதனால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

படத்தின் பெயர் 'தி ப்ளேர் விட்ச் ப்ராஜெக்ட்'. 1999-ல் வந்தது. மேரிலாண்ட் மாநிலத்தில் பர்கிட்ஸ்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே காட்டில் சூனியக்காரி இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் காமிராவோடு போகிறார்கள். வழி தவறிவிடுகிறது. ராத்திரியில் கூடாரத்துக்கு வெளியே என்னென்னவோ சத்தம். காலையில் பார்த்தால் வாசலில் கல் குவியல், மரங்களில் குச்சியால் கட்டிய பொம்மைகள். அவ்வளவுதான். சூனியக்காரியைக் கடைசி வரை காட்டவே இல்லை. ஆனால் படம் தொடங்கும்போதே, இந்த மூவரும் 1994 அக்டோபரில் காணாமல் போனார்கள், அவர்கள் எடுத்த படம் ஒரு வருடம் கழித்துக் கிடைத்தது என்று எழுத்துப் போட்டுவிடுகிறார்கள். "உண்மைக் கதைடி" என்று பெரியவன் தங்கையின் காதில் ஓதினான்.

எங்கள் கூடத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி. இவர் அரை மணி நேரத்தில், "மூணு பேர் காட்டுல சண்டை போடறதுக்கு ஒரு படமா?" என்று கொட்டாவி விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். மாமியாருக்கு அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கவலை. "இவளைப் பெத்தவ எங்கே போனா? இப்படியா அனுப்பி வைப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பயத்தைவிட மயக்கம்தான் வந்தது. காமிராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். படம் முழுக்க ஆடுகிறது. மலைப்பாதைப் பஸ்ஸில் போகிற மாதிரி வயிற்றைப் புரட்டியது. சின்னவள் மட்டும் வாயே திறக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பிறகு இந்தப் படத்தைப் பற்றித் தேடிப் படித்தபோது, அமெரிக்கக் கொட்டகைகளிலும் இதே கதைதான் நடந்தது என்று தெரிந்தது. படம் ஆடுவதால் தலை சுற்றி, எழுந்து வெளியே போனவர்கள், வாந்தி எடுத்தவர்கள் உண்டு. சில கொட்டகைகளில் எச்சரிக்கைப் பலகையே வைத்தார்களாம். 'ஓடுகிறோம்' என்று கண் சொல்கிறது. 'சும்மா உட்கார்ந்திருக்கிறோம்' என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் மூளை குழம்புவதால்தான் இந்தக் குமட்டல். விளக்கைப் போட்டுக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து, அவ்வப்போது அசையாத பொருள் ஒன்றைப் பார்த்தால் தணியும்.

நடுங்கிப் போனவர்கள் ஒரு பக்கம், 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று கோபப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். பெரிய விமரிசகரான ராஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரமும் கொடுத்துப் பாராட்டினார். அதே படத்தின் கதாநாயகிக்கு, மிக மோசமான நடிகைக்கான கேலிப் பரிசும் கிடைத்தது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. படம் வருவதற்கு முன்பே இணையத்தில், போலீஸ் விசாரணை, காணாமல் போனவர்களின் புகைப்படம் என்று போட்டு, எல்லாம் உண்மை என்பது போல் பரப்பிவிட்டார்கள். நடிகர்களும் சொந்தப் பெயரிலேயே நடித்தவர்கள். எட்டே நாளில் எடுத்த படம். நாளுக்கு நாள் அவர்களுக்குச் சாப்பாட்டைக் குறைத்து, ராத்திரியில் இயக்குநர்களே கூடாரத்தைக் குலுக்கியிருக்கிறார்கள். படம் பிடிக்க 60,000 டாலருக்குள்தான் செலவு என்கிறார்கள். வசூலோ 24 கோடி டாலருக்கு மேல். 200 பேர் கூட இல்லாத பர்கிட்ஸ்வில்லுக்கு வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்து, ஊர்ப் பெயர்ப் பலகையையே திருடிக்கொண்டு போயிருக்கிறது.

இதில் எல்லாம் என் மனத்தில் தைத்தது ஒன்றுதான். ஹெதர் டொனாஹ்யூ என்ற அந்தப் பெண்ணின் தாயாருக்கு, 'உங்கள் மகள் இறந்ததற்கு வருந்துகிறோம்' என்று அனுதாபக் கடிதங்கள் வந்தனவாம். பெண் உயிரோடு இருக்கிறாள்! பொய் என்று தெரிந்தே பிரித்தாலும், அந்த வரியைப் படிக்கும்போது பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்?

இந்த விஷயத்தில் நானும் யோக்கியம் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

படம் பார்த்த இரவிலிருந்து சின்னவள் தனியாகப் படுக்க மறுத்தாள். பாத்ரூம் போக என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் படுக்கையை நனைத்துவிட்டாள். பத்து வயதில்! இவர் அதட்டினார். மாமியார் திருநீறு பூசினார். அண்ணன்காரன், "நடிகர்கள் எல்லாம் நல்லாத்தான் இருக்காங்கடி" என்று அவர்கள் பேட்டியைப் போட்டுக் காட்டினான். அப்படியும் பயம் போகவில்லை.

நாலாம் நாள் இரவு, விளக்கை அணைக்காமல் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "எதுக்குடி கண்ணு பயப்படறே? அந்தக் காடு எங்கேயோ அமெரிக்காவில் இருக்கு" என்றேன்.

"காட்டுக் கிழவிக்கு இல்லம்மா. நம்ம மாடிப்படிக் கிழவிக்குத்தான்."

"எந்தக் கிழவி?"

"நீதானே சொன்னே? மாடிப்படிக்கு அடியில் ஒரு கிழவி இருக்கா, தனியா ஏறினா காலைப் பிடிச்சு இழுப்பான்னு. இவளும் அவளை மாதிரிதானே? யார் கண்ணுக்கும் தெரியறதில்லை."

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது சொன்னது. கைப்பிடி இல்லாத மாடிப்படி. அடுப்படியில் நான் ஒற்றை ஆள். தத்தித் தத்தி ஏறி விழுந்துவிடுவாளோ என்று கிழவி ஒருத்தியை உண்டாக்கி அங்கே உட்கார வைத்தேன். ஒரு பைசா செலவில்லை. கைப்பிடி போட்டதும் நான் அவளை மறந்துவிட்டேன். குழந்தை மறக்கவில்லை. அந்தப் படிக்கு அடியில்தான் வெங்காயக் கூடை இருக்கிறது. எடுத்துவா என்றால் எப்போதும் அண்ணனைக் கை காட்டுவாள். 'சோம்பேறிக் கழுதை' என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்!

"கிழவி எல்லாம் கிடையாதுடி. நீ விழுந்துடக் கூடாதுன்னு அம்மா சொன்ன பொய்" என்றேன். நிம்மதியாகச் சிரிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்து, "பொய்யா? ஏம்மா சொன்னே? விழுந்துடுவேன்னு சொல்லியிருந்தாலே ஏறியிருக்க மாட்டேனே!" என்று அழுதாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கொட்டகையை விட்டுக் கோபமாக வெளியே வந்தவர்களின் மனசு எனக்கு அப்போது புரிந்தது. பயந்தது கூடப் பெரிதில்லை. நம்பினோமே என்பதுதான் வலி.

அவள் கோபத்தை நான் தடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் பகலில் இரண்டு பேருமாகப் படிக்கு அடியில் இருந்த சாமான்களை வெளியே எடுத்துப் பெருக்கி, அங்கே ஒரு சின்ன விளக்குப் போட்டோம். ராத்திரியில் கொஞ்ச நாள் கூடவே படுத்தேன். பயந்தாங்கொள்ளி என்று யாரும் கேலி செய்யக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஈரப் படுக்கையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் படிப்படியாகத் தேறிவிட்டாள்.

சாப்பிட அடம் பிடித்தால் பூச்சாண்டி, தூங்காவிட்டால் போலீஸ்காரன், ஊசி போடும் டாக்டர் என்று நாம் எல்லோருமே சொல்கிறவர்கள்தான். நமக்கு அந்த நேரத்து வேலை முடிந்துவிடுகிறது. குழந்தைக்கு முடிவதில்லை. "விழுந்தால் அடிபடும்" என்ற நிஜத்தைச் சொல்லிப் பழக்கக் கொஞ்சம் நேரம் அதிகமாகும். ஆனால் பின்னால் அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

போன வெள்ளிக்கிழமை சாம்பாருக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். கூடையை எடுத்து வர நான் எழுந்திருப்பதற்குள் சின்னவளே போனாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். விளக்கைப் போட்டு, குனிந்து ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"யாரும் இல்லம்மா" என்றாள்.