சித்திரம் சோறு போடுமா?



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வகுப்பு நடத்தும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது: “சேர், சித்திரம் படித்தால் பிள்ளைக்குச் சோறு கிடைக்குமா?” கலைப் பட்டதாரியான எனக்கு இக்கேள்வி புதிதன்று.

விடையை நீங்களே சென்று பார்க்கலாம். விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகே, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடைபெறும் ‘கலா பொல’ எனும் திறந்தவெளிக் கலைச் சந்தை, ஜோர்ஜ் கீற் மன்றத்தால் 1993 இல் ஆரம்பிக்கப்பட்டது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஓவியர்கள் படங்களைச் சுமந்து வந்து, தாமே விலை கூறி விற்பர். வர்ணம், சட்டம், பஸ் கட்டணம் யாவும் கழித்தே இலாபம். வெறுங்கையுடன் திரும்புவோரும் உளர். ஆகவே, சோறு இலகுவாகக் கிடைக்கும் என நான் கூறேன்.

மன்றத்துக்குப் பெயர் தந்த கீற் கண்டியில் பிறந்தவர். 1939–40 இல் பொரளை கோதமி விகாரைச் சுவர்களில் புத்தர் வரலாற்றைத் தீட்டினார். பின்னர் இந்தியாவில் தங்கியும் வரைந்தார். ஓவியருக்குப் பயணமும் ஒரு பாடநூல்.

உங்களுக்கு வகுப்புக்கு வரும் பஸ் பயணமே போதும். காலி வீதிக் கடைகள், கொட்டாஞ்சேனைப் பேராலயக் கோபுரம் என நாளுக்கொரு படம் வரையுங்கள். ஓராண்டு சென்றும் ஆர்வம் குன்றாவிடின், உயர்தரத்திலும் சித்திரத்தைத் தெரிவு செய்ய அஞ்சாதீர்கள். கணிதத்தையும் கைவிடாதீர்கள், படத்துக்கு விலை போட அது வேண்டும்!