பன்னிரண்டு கோல்கள்

"கடைந்தெடுத்த முட்டாள்" என்பது பள்ளிக்கூடங்களில் அடிக்கடி காதில் விழும் வசைமொழி. அப்படி ஏசுகிறவர்கள் ஒரு நாளாவது கடைசல் பட்டறைக்குள் எட்டிப் பார்த்திருந்தால், அந்த வார்த்தையை இவ்வளவு மலிவாகச் செலவழிக்க மாட்டார்கள். ஒரு கட்டையைக் கடைந்தெடுப்பது எத்தனை நிதானம் வேண்டும் காரியம் என்பதைத் தேனியில் ஒரு சிறு பட்டறையில் இரண்டு நாள் நின்று பார்த்தவர்கள் நாம். அங்கே போக நேர்ந்தது நமது பள்ளிக்கூடத்துப் பாண்டு வாத்தியத்தின் பொருட்டு.

கம்பம் பள்ளத்தாக்கில் மேளத்துக்குப் பஞ்சமில்லை. சித்திரை பிறந்து வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் தவிலும் பறையும் உறுமியும் காதை நிறைக்கும். ஒவ்வொரு மேளத்துக்கும் ஒவ்வொரு விதமான கோல். தவிலுக்குத் தடித்துக் குட்டையான பூவரசங்கோல். பறைக்கு ஒரு கையில் மெல்லிய மூங்கில் குச்சி, மறு கையில் தடித்த குச்சி. உறுமிக்கோ ஒரு கோல் வளைந்திருக்க வேண்டும். கடைசல் இயந்திரத்துக்கு வளைவு தெரியாதாகையால் அது கத்திக்கே உரியது. ஆனால் அணிவகுப்பில் முழங்கும் 'சைடு டிரம்' என்ற சிறு முரசுக்குக் கடைந்த கோல்தான் வேண்டும். சுமார் 16 அங்குல நீளம், பிடியில் விரற்கனம், நுனியை நோக்கி மெலிந்து முடிவில் ஒரு குமிழ்.

சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒரு மாதம் இருக்கையில், கடையில் வாங்கிய கோல்கள் பிளந்துபோயின. அதைவிடப் பெரிய சங்கடமும் உடன் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். தாளம் அவன் விரல்களிலே குடியிருந்தது. அவனை மேளத்துக்கு நியமிக்க எண்ணித் தகப்பனாரை அழைத்துச் சொன்னோம்.

"வேண்டாம், சார். ஊரில் சாவு விழுந்தால் என் அப்பாதான் பறையடிக்கப் போக வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் கூப்பிட்டால் எழுந்து போவார். அந்தக் குச்சியை நான் தொடவில்லை. என் பிள்ளையும் தொட வேண்டாம்" என்றார் அவர்.

அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டதை நாம் உற்சாகத்தோடு எடுத்துரைத்தோம்.

"சந்தோஷம், சார். ஆனால் என் அப்பாவிடம் 'உனக்கு இஷ்டமா?' என்று யாரும் கேட்டதில்லை. இப்போதும் இத்தனை பிள்ளைகள் இருக்க, என் பிள்ளையைத்தானே கூப்பிடுகிறீர்கள்?"

நாம் அழைத்தது அவனுடைய தாளத்தை. அவர் காதிலோ அது பழைய அழைப்பாகவே விழுந்தது. நாம் படித்த பட்டப் படிப்பில் இதற்கு விடை எழுதியிருக்கவில்லை. இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். மேளம் இனி ஒருவருக்கு உரியதன்று. வகுப்பில் ஆண், பெண் யாவரும் முறைவைத்து அடிக்க வேண்டியது. அதற்கு 6 ஜோடி கோல்கள் வேண்டும். பன்னிரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். 'இது இன்னான் தொட்ட கோல்' என்று பிரித்தறிய வழியே இருக்கலாகாது.

கட்டில் காலும் மாடிப்படிக் கைப்பிடியும் கடைந்துகொண்டிருந்த பட்டறைக்காரர் இதைக் கேட்டு, "ஒரு ஜோடியென்றால் மத்தியானத்துக்குள் தருவேன். பன்னிரண்டும் ஒன்றுபோல என்றால் இரண்டு நாள் ஆகும், ஐயா" என்றார்.

நன்றாய் உலர்ந்த பூவரசங்கட்டையை எடுத்தார். "இலையைச் சுருட்டினால் பீப்பீ, கட்டையைக் கடைந்தால் தவில் கோல். ஒரு கச்சேரியே இந்த மரத்துக்குள் இருக்கிறது" என்று சிரித்தார். கட்டையை வாளால் அறுக்காமல் பிளந்தார். அறுத்தால் வாள் தன் போக்கில் ரேகையைக் குறுக்கே வெட்டிவிடும். பிளந்தால் ரேகையே வழி காட்டும். நமது பழைய கோல் பிளந்த இடத்தைக் காட்டினார். அங்கே ரேகை குறுக்காகத்தான் ஓடியிருந்தது.

பின்பு நாற்பட்டையை எண்பட்டையாகச் சீவி, இரு முனைகளிலும் நடுப்புள்ளி குறித்து, இயந்திரத்தின் இரண்டு கூர்களுக்கிடையே பொருத்தினார். அந்தக் காலத்தில் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, மற்றவர் உளி பிடிப்பாராம். மத்தில் தயிர் கடைவதும் இப்படித்தானே? இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவது பொருத்தமே. இப்போது கயிற்றின் வேலையை மோட்டார் செய்கிறது. கோல் மெலிய மெலிய நடுவிலே துள்ளத் தொடங்கும். அப்போது இடது கை விரல்களை மரத்தின் பின்புறம் மெல்ல அணைகொடுத்து, வலது கையால் உளியை நடத்த வேண்டும். உப்புத்தாள் தேய்த்தபின், கீழே உதிர்ந்த சீவல்களையே ஒரு பிடி அள்ளிச் சுழலும் கோலில் அழுத்தினார். பளபளப்பு வந்தது.

பன்னிரண்டும் முடிந்ததும் தராசில் நிறுத்தார். அதோடு விடாமல் ஒவ்வொன்றையும் சிமெண்டுத் தரையில் போட்டுக் காது கொடுத்தார். இரண்டு கோல்கள் சற்றே மந்தமாக ஒலித்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு வேறு இரண்டு கடைந்தார். அமெரிக்காவிலே பாஸ்டன் சிம்பொனி வாத்தியக் குழுவின் முரசு வித்துவான் விக் ஃபிர்த் என்பவர், மனத்துக்கிசைந்த கோல் கிடைக்காமல் 1963-ல் தாமே கோல் செய்விக்கத் தொடங்கினார். எடையும் சுருதியும் ஒத்தவற்றையே அவருடைய நிறுவனம் ஜோடி சேர்த்தது. அவர் பெயரைத் தேனிப் பட்டறைக்காரர் கேட்டதில்லை. ஆயினும் அவருடைய காதுக்கும் அதே நியாயம் தெரிந்திருந்தது.

கோல்கள் வந்து சேர்ந்த செய்தி கேட்டுப் பையனின் தகப்பனார் வந்தார். "எல்லாப் பிள்ளைகளும் அடிக்கிறார்களா, சார்?" என்று கேட்டார். ஆமென்றோம். ஒரு கோலை எடுத்து உருட்டிப் பார்த்தார். "அப்படியானால் அவன் இஷ்டம்" என்று சொல்லிப் போய்விட்டார்.

பையன் இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் பெயர் கொடுத்தான். அணிவகுப்பில் நான்காவது முறை அவனுடையது. பிரமாதமாக அடித்தான் என்பதைச் சொல்லாமலிருக்க நம்மால் முடியவில்லை. அடித்து முடித்ததும் கோல்களை மற்றவற்றோடு பானையில் போட்டான். அடுத்து வந்த சிறுமி இரண்டு கோல்களை எடுத்துக்கொண்டாள். எவை அவன் பிடித்தவை என்று அவள் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் தெரிந்திராது.