ஷீட் வீட்டில் கதிர்வீச்சுப் பாடம்



வெப்பம் பரவும் மூன்று வழி ஞாபகம் இருக்கிறதா? களி கிண்டும்போது இரும்புக் கரண்டியின் காம்பு சுடும், மரத்துடுப்பு சுடாது. அது கடத்தல். உலைநீர் அடியிலிருந்து மேலெழுந்து புரள்வது சலனம். கதிர்வீச்சுதான் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடாது.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், குளுகுளு ஊர் என்பார்கள். சிப்காட் பக்கத்து லைன் வீட்டு சிமெண்ட் ஷீட்டுக்கு அது தெரியுமா? ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் சொன்னாள்: "அப்பாவுக்கு நைட் ஷிப்ட் டீச்சர். பகல்ல தூங்க முடியல. ஃபேன் போட்டாலும் மேலேருந்து சுடுது."

அதுதான் கதிர்வீச்சு! காய்ந்த ஷீட் படுத்திருப்பவர் மேல் நேராக வெப்பத்தை வீசும். அதற்குக் காற்றின் துணை வேண்டாம். ஃபேனாலும் தடுக்க முடியாது. சூரியன் நம்மைச் சுடுவதும் இப்படித்தான். கூரைமேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிவிடும் என்றேன்.

"வாடகை வீடு டீச்சர்" என்றாள்.

உங்களில் சிலர் இன்று லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். மார்ச்சுக்குள் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். ஷீட்மேல் ஏறாதீர்கள், உடையும். ஏணியில் நின்று நீளக் கம்பில் பிரஷ் கட்டி அடியுங்கள்.