சிலந்தி பார்த்த படலம்

ஆரணிப் பட்டின் பெருமையைத் தமிழ்நாட்டுப் பெண்மணிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பட்டு நெய்யும் ஊர்களில் ஒன்றாகிய தேவிகாபுரத்தில்தான் நம் தமக்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கனககிரி மலையும், பெரியநாயகி அம்மன் கோவில் கோபுரமும், தெருவெல்லாம் தறியோசையுமாக விளங்கும் அவ்வூருக்குச் சென்ற சித்திரை மாதத்தில் ஓய்வெடுத்துக் கொள்ளும் உத்தேசத்துடன் போயிருந்தோம். போன இடத்தில் ஒரு சிலந்திக்கு வரன் பார்க்கும் உத்தியோகம் நமக்கு வந்து வாய்த்தது.

தமக்கையின் மகன் ஒன்பதாம் வகுப்பு வாசிக்கிறான். போன அன்று மாலையே நம்மைத் திண்ணையின் ஓரத்துக்கு அழைத்துப் போனான்.

"மாமா, அப்பாகிட்டே நீங்கதான் சொல்லணும்."

இந்த வயதில் பையன்கள் கேட்பது சைக்கிளாகத்தான் இருக்கும் என்று எண்ணி, "அதற்கென்ன, சொன்னால் போகிறது" என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். பிறகுதான் விஷயம் வெளிவந்தது. மரப்பொந்தில் வசிக்கும் டரான்டுலா என்னும் பெருஞ்சிலந்தி ஒன்றை அவன் வீட்டில் வளர்க்க வேண்டுமாம்! எந்த ஜாதியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதில் நம் யோசனையும் தேவையாம்.

கொடுத்த வாக்கை மீற முடியுமா? இரவு சாப்பாட்டுக்குப் பின் மெதுவாகப் பிரஸ்தாபித்தோம். தமக்கை கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கணவரோ நிதானமான மனிதர். பாவு ஓட்டும்போது நூல் அறுந்தால் கூடக் கோபித்துக் கொள்ளாதவர். "பட்டுப்பூச்சி நூல் விட்டா புடவையாகும். இது விடற நூலை யாரு வாங்குவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

நமக்குத் தெரிந்ததைக் காட்டிக் கொள்ள நல்ல சமயம் அல்லவா? மடகாஸ்கர் தீவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சிலந்திகளிடமிருந்து நூல் எடுத்து, சாயம் போடாமலே பொன்னிறமாக ஒரு துணி நெய்து, 2009-ஆம் வருஷம் நியூயார்க் நகரத்துப் பொருட்காட்சிசாலையில் வைத்ததைச் சொன்னோம். ஒரே ஒரு துணிக்குச் சில வருஷங்கள் பிடித்தன என்பதையும் சொன்னோம். அவர் சற்று நேரம் மனத்துக்குள் கணக்குப் போட்டார். "கூலி கட்டாது" என்று தீர்ப்பளித்துவிட்டு எழுந்து போனார்.

பையனின் பாட்டி மட்டும் நம் கட்சியில் சேர்ந்தார். திருவானைக்காவில் ஈசன்மீது சருகு விழாமல் வலை பின்னிய சிலந்திதானே மறு பிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது? "ராஜாவாகப் பிறக்கிற ஜந்துவை வீட்டிலே வச்சா என்ன குத்தம்?" என்றார். இந்த வாதத்திற்கு எவரும் பதில் சொல்லவில்லை. அதுவே சம்மதத்துக்கு அடையாளம் என்று வைத்துக் கொண்டு, மறுநாள் முதல் நாமும் பையனும் ஜாதகம் பார்க்கத் தொடங்கினோம்.

முதலில் பார்த்த வரன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அவிகுலேரியா என்பது குலப்பெயர். கருத்த உடம்பு, கால் நுனிகள் மட்டும், மருதாணி இட்டாற்போல், இளஞ்சிவப்பு. புதிதாய் வளர்ப்பவர்களுக்கு ஏற்ற சாது என்று அநுபவஸ்தர்கள் சிபாரிசு செய்வது இதைத்தான். அந்தக் குலப்பெயருக்கு ஒரு கதை உண்டு. மரியா சிபில்லா மேரியன் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1699-ஆம் வருஷம் தம் இளைய மகளுடன் கப்பலேறிச் சூரினாம் தேசத்துக்குப் போனார். காட்டுப் பூச்சிகளை உயிருடன் பார்த்துச் சித்திரம் எழுதுவதே நோக்கம். 1705-இல் அவர் வெளியிட்ட நூலில், கொய்யாக் கிளையில் ஒரு பெருஞ்சிலந்தி சின்னஞ்சிறு பறவையைத் தின்பதாக ஒரு படம் இருந்தது. அதைக் கண்டு நகைத்தவர்களும் உண்டு. ஆனால் 1758-இல் லின்னேயஸ் என்னும் பண்டிதர் சிலந்திக்குப் பெயர் வைத்தபோது, பறவைக்குரிய லத்தீன் சொல்லிலிருந்தே வைத்துவிட்டார். இந்த அம்மையார் பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்த்து, அதன் பிறப்பு வளர்ப்பையெல்லாம் குறித்து வைத்தவர் என்று சொன்னதும், அதுவரை நம்மைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துக் கொண்டிருந்த தமக்கை, "அப்படியானால் நம்ம ஜனம்தான்" என்றாள்.

இரண்டாவது வரன் அழகில் ரதி. ஆந்திர தேசத்துக் கூத்தி ரயில் நிலையத்து மரக்கிடங்கில் அகப்பட்ட ஒன்றைக் கொண்டு, 1899-ஆம் வருஷம் போகாக் என்ற ஆங்கில விஞ்ஞானி உலகுக்கு அறிவித்த நீலச் சிலந்தி அது. அதன்பின் நூறு வருஷத்துக்கு மேலாக அதை எவரும் காணவில்லை. கூத்தியில் தேடித் தேடிப் பார்த்தும் பயனில்லை. விறகோடு ரயிலேறி வந்த சிலந்தியை ரயிலடியில் தேடினால் கிடைக்குமா? 2001-இல்தான் அதன் உண்மையான பிறந்தகம் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள காடு என்று தெரிய வந்தது. மிகக் குறுகிய அந்தக் காட்டைத் தவிர வேறு இருப்பிடம் அறியப்படாமையால், அடியோடு அழியும் நிலையிலுள்ள பிராணி என்று 2008-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதைக் குறித்து வைத்தது. விநோதம் என்னவென்றால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டிகளில் அது ஏராளமாய்ப் பெருகி வாழ்கிறது!

அந்த நீலத்தைப் படத்தில் கண்டதும் பையனின் தகப்பனார் தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சாயம்?" என்று கேட்டார். சாயமே இல்லை, மயிரிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத நுட்பமான அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நீலம் அது என்றோம். "அப்போ வெளுக்காது" என்றார். அன்று முழுவதும் அவர் அதையே நினைத்துக் கொண்டிருந்ததாகத் தோன்றிற்று.

மூன்றாவது வரன் நம் பக்கத்தது. ரெகாலிஸ் என்று பெயர். ராஜரீகமானது என்று பொருள். அதற்கும் 1899-இல் பெயர் வைத்தவர் அதே போகாக்தான். கிழக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைகளிரண்டிலும் வாழ்வது. விரித்த கால்களோடு அளந்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறையும். முதுகில் சாம்பலும் வெள்ளையும் கருப்புமாக, தேர்ந்த கைக்காரன் போட்ட ஜக்கார்டு புட்டாவைப் போன்ற வேலைப்பாடு. மரப்பட்டையில் ஒட்டியிருந்தால் பட்டை எது, சிலந்தி எது என்று தெரியாது. வெருட்டினால் மட்டும் முன்னங்கால்களைத் தூக்கி, அடிப்புறத்து மஞ்சளைப் பளிச்சென்று காட்டும். இதன் உறவினர் இலங்கையிலும் உண்டு. நம் ராமேசுவரத்தில் ஹனுமவிலாசம் கோவிலின் பெயரையே தாங்கி 2004-இல் அறிவிக்கப்பட்ட இனமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

விதேசியா, சுதேசியா என்றால் நம் ஓட்டு எப்பொழுதும் சுதேசிக்குத்தான். ஆனால் இந்த விஷயத்தில் நாம் சற்றுத் தயங்க வேண்டியதாயிற்று. அமெரிக்கச் சிலந்திகளுக்கு அரிப்பை உண்டாக்கும் மயிர் உண்டு. எதிரியை அதைக் கொண்டே விரட்டிவிடும். நம் நாட்டு மரச்சிலந்திக்கு அந்த ஆயுதம் இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் ஓடும். ஓட வழியில்லாவிட்டால் கடிக்கும். இதன் கடியால் மனிதர் இறந்ததாகப் பதிவான செய்தி இல்லை. ஆயினும் கடுமையான வலியும், சில நாள் வரையில் விட்டு விட்டு வரும் தசைப்பிடிப்பும் உண்டு. கையில் எடுத்துக் கொஞ்சுவதற்கான ஜீவன் அன்று.

எதை வளர்த்தாலும் அகலத்தைவிட உயரம் மிகுந்த பெட்டி, நிமிர்த்தி வைத்த மரப்பட்டை, காற்றோட்டம், ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர், வாரத்துக்கு ஒன்றிரண்டு கரப்பான், இவ்வளவே செலவு. சட்டை உரிக்கும் காலத்தில் மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டதென்று எண்ணிக் குப்பையில் கொட்டிய புத்திசாலிகளும் இருக்கிறார்கள். இன்னொரு விசேஷம்: ஆண் சிலந்தி பருவமடைந்தபின் வெகுகாலம் இராது, பெண்ணோ பத்துப் பன்னிரண்டு வருஷம் கூட வாழும். ஆகையால் வாங்குகிறவர்கள் எல்லாரும் பெண்தான் வேண்டும் என்கிறார்கள். பெண் பிறந்தால் முகம் சுளிக்காத இப்படி ஓர் இடமும் உலகத்தில் இருக்கிறதே என்று பாட்டி மிகவும் சந்தோஷப்பட்டார்.

இந்நிலையில் பையன் தன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். யாரோ ஓர் ஆசாமி ரெகாலிஸ் ஒன்றை விற்பதாக எழுதியிருந்தார். "எங்கே பிறந்தது? யார் வீட்டுப் பெட்டியில் குஞ்சு பொரித்தது?" என்று எழுதிக் கேட்கச் சொன்னோம். "காட்டில் பிடித்தது, நல்ல பெரிசு" என்று பெருமையோடு பதில் வந்தது. "ரசீது, அநுமதிப் பத்திரம்?" என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. இந்தக் குலம் முழுவதையும் 2019-ஆம் வருஷம் ஜெனீவா மகாநாட்டில் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அப்பட்டியலிலுள்ள பிராணிகளை நம் வனவிலங்குச் சட்டத்துக்குள்ளும் 2022-இல் திருத்தம் செய்து கொண்டுவந்தாயிற்று. அமெரிக்கச் சாதுவை வரவழைக்கலாமென்றால், வெளிநாட்டுப் பிராணியை இறக்குமதி செய்ய வேண்டிய அநுமதிகளை எண்ணிப் பார்த்தாலே தலை சுற்றியது. மூன்று வரனும் தட்டிப் போயின. பையனிடம் இதை எப்படிச் சொல்வது என்று நமக்குச் சங்கடமாயிருந்தது.

சொன்னோம். அவன் அழவில்லை, முகம் மட்டும் சுண்டிவிட்டது. "வாங்க வேண்டாம் மாமா. இங்கேயே இருக்கு" என்றான்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு நம்மைக் கொல்லைக்கு அழைத்துச் சென்றான். தறிக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு கிழப் புளியமரம். மின்சார விளக்கின் முகத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டி வைத்திருந்தான். ஆளுயரத்துக்கு மேலே ஒரு பொந்து; வாயில் நூல் படர்ந்திருந்தது. வெகு நேரம் நமக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு பட்டையின் ஒரு பகுதிக்குக் கால் முளைத்தது. உள்ளங்கையைவிடப் பெரிது. சாம்பலும் வெள்ளையுமான அந்தப் புட்டாவை நாம் படத்தில் பார்த்தாயிற்று. நாம் வல்லுநர் அல்லோம். ஆயினும் ராஜவம்சம் என்பதில் நமக்குச் சந்தேகம் எழவில்லை. மூச்சு விடவும் பயந்து நின்றோம்.

"பத்தொன்பது ராத்திரியாப் பார்க்கிறேன். மரத்தை அப்பா வித்துட்டார் மாமா. அடுத்த மாசம் வெட்டப் போறாங்க. பெட்டியிலே வச்சாலாவது பிழைக்குமேன்னுதான்..."

இத்தனை நாள் ஜாதகம் பார்த்ததன் அர்த்தம் அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று. அவன் வரன் தேடவேயில்லை. ஏற்கெனவே நிச்சயம் செய்துவிட்ட ஒன்றுக்கு வீடு தேடியிருக்கிறான். பெட்டியின் உயரத்தைப் பற்றி அவ்வளவு துருவிக் கேட்டதும் இதற்காகத்தான். நாமோ சூரினாம் வரை போய் வந்தோம்!

மறுநாள் காலை அவன் தகப்பனாரிடம் பேசினோம். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சென்ற ஐப்பசி மழையில் ஒரு கிளை முறிந்து கொட்டகை ஓடுகள் நொறுங்கின. ஈரத்தில் ஒரு பாவே பாழாயிற்று. மரத்துக்காக முன்பணமும் கைநீட்டி வாங்கியாயிற்று. "பூச்சிக்காக மரத்தை விடச் சொல்றீங்களா?" என்று கேட்டார். பொந்துள்ள கிழமரம் இல்லாவிட்டால் இந்தக் குலத்துக்குக் குடியிருக்க இடமில்லை என்றும், சட்டப்படி அதைப் பிடித்துப் பெட்டியில் வைப்பதும் வம்புதான் என்றும் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் தறியில் இறங்கினார். நாடா நான்கு தடவை போய் வந்தது. "ராத்திரி எத்தனை மணிக்கு வெளியே வரும்?" என்று கேட்டார்.

அன்றிரவு மரத்தடியில் அவரும் நின்றார். வெகு நேரம் பார்த்தார். "கோர்வை எங்கேயும் பிசகல்லே" என்று மட்டும் சொன்னார்.

நாம் ஊர் திரும்பிய பிறகு பையன் பேசினான். கொட்டகைப் பக்கம் சாய்ந்த இரண்டு கிளைகளை மட்டும் வெட்டினார்களாம், அடிமரம் நிற்கிறதாம். மரக்காரர் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக் கொண்டாலும், வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுத்தான் போனாராம். ஆனி மாதத்தில் பத்து நாள் சிலந்தியைக் காணாமல் வீடே கவலைப்பட்டிருக்கிறது. பிறகு பொந்தின் அடியில் உரித்த சட்டை கிடந்ததாம். பாட்டி அதைப் பழைய ஜரிகைப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறார். தமக்கைக்கு மட்டும் ஒரு குறை: விளக்கின் பாட்டரி அடிக்கடி தீர்ந்து போகிறதாம். யார் இப்படித் தீர்க்கிறார்கள் என்று விசாரித்தால், தகப்பனும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்களாம்.