மாமாவின் துப்பாக்கிக்கு ஒரு கண்ணு

ஊரில் ஒருத்தன் காலேஜ் போய்விட்டால் அவனுக்கு எல்லாமே தெரியும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஃபேன் ஓடவில்லை என்றாலும் அவன்தான், பட்டா மாற்றம் என்றாலும் அவன்தான். அப்படித்தான் போன பொங்கல் லீவில் பாகூர் போனபோது மாமா கேட்டார், "மாப்ள, நம்ம துப்பாக்கிக்கு ஒரு ஸ்கோப் பாத்து வாங்கிக் குடேன். நீதான் என்சிசி-ல சுட்டவனாச்சே."

என்சிசியில் நான் சுட்டது .22 ரைஃபிள். தரையில் குப்புறப் படுத்து, 25 கெஜத்தில் இருக்கிற அட்டையில், மொத்தமே ஐந்து ரவுண்டு. ஸ்கோப்பெல்லாம் கிடையாது, இரும்புக் குறிமுள்தான். என் ஐந்து குண்டில் நாலுதான் அட்டையில் இருந்தது. ஐந்தாவது எங்கே போனது என்று இன்று வரை ஹவில்தாருக்கும் எனக்கும் தெரியாது. இதை மாமாவிடம் சொல்லவில்லை (மானம் முக்கியம்).

மாமாவிடம் இருப்பது ஏர் ரைஃபிள். குழலை மடித்து ஸ்பிரிங்கை இழுத்து, ஒரு ஈய பெல்லட் போட்டுச் சுடுவது. 4.5 மி.மீ., அதாவது .177. சக்தி வரம்புக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். .22 ரைஃபிள் அப்படி இல்லை, ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் இல்லாமல் தொடவே முடியாது. சின்ன வயதில் இந்த ஏர் ரைஃபிளை வைத்துக்கொண்டு அவர் ஏரிக்கரையில் மடையான் அடித்த கதைகள் எங்கள் வீட்டில் ரொம்ப பிரபலம்.

ஸ்கோப் எதற்கு என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் மெதுவாக, "பின்னாடி இருக்கிற பள்ளம் தெரிய மாட்டேங்குதுடா" என்றார். மாமாவுக்கு 54 வயது, வெள்ளெழுத்து. இரும்புக் குறியில் கண் ஒரே நேரத்தில் மூன்று பொருளைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் பின்குறிப் பள்ளம், அதற்கு முன்னால் முன்குறி, தூரத்தில் இலக்கு. இளசான கண்ணே ஒன்றைத் தெளிவாகப் பார்த்து மற்ற இரண்டைச் சமாளிக்கும். மாமாவின் கண்ணுக்கு அது முடியவில்லை. ஸ்கோப்பில் குறுக்குக் கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரியும், எனவே ஒன்றைப் பார்த்தால் போதும். பெரிதாகக் காட்டுவதைவிட அவருக்கு இதுதான் தேவை.

இதை அன்றே யோசித்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். நான் இன்டர்நெட்டில் படத்தைப் பார்த்து, கறுப்பாக, தடியாக இருந்த 3-9×50 ஒன்றை வாங்கிவிட்டேன். விலை 3,500 ரூபாய். மாட்டியதும் துப்பாக்கி சினிமாவில் வருவது மாதிரி இருந்தது. மாமா மீசையைத் தடவினார்.

கொல்லையில் 15 மீட்டரில் கொட்டாங்குச்சி வைத்தோம். ஸ்கோப்பில் பார்த்தால் பழுப்பாக ஒரு மேகம். கொட்டாங்குச்சியா மாமியின் புடவையா என்றே தெரியவில்லை. பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்பை 100 கெஜத்தில் தெளிவாகத் தெரியும்படி செய்து அனுப்புகிறார்கள். .22-க்கென்று செய்வது 50 கெஜம் வாக்கில். நம் கொல்லைக்கு அதுவே அதிகம். தெளிவின்மையை விடுங்கள், கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் குறுக்குக் கோடும் இலக்கின் மேல் நகர்கிறது. பஸ்ஸில் டிரைவருக்கு 60 காட்டும் முள், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு 55 காட்டுமே, அதே சமாச்சாரம். இதற்குப் பெயர் பாரலாக்ஸ். கிட்டத்தில் சுடுகிறவர்கள் முன் லென்ஸைத் திருகி தூரத்தை மாற்றக்கூடிய ஸ்கோப் வாங்க வேண்டும், அல்லது ஏர் ரைஃபிளுக்கென்றே கிட்டத் தூரத்தில் சரிசெய்ததை வாங்க வேண்டும்.

அடுத்த கூத்து ஐம்பதாவது பெல்லட் வாக்கில் நடந்தது. குறுக்குக் கோடு சாய்ந்து பெருக்கல் குறி ஆகிவிட்டது. இத்தனைக்கும் .22-வை விட மெலிந்த துப்பாக்கி! காரணம் ஸ்பிரிங். சாதாரண ரைஃபிள் பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் வெட்டி இழுக்கும். இந்த இரட்டை உதையைத் தாங்கச் செய்யாத ஸ்கோப் உள்ளுக்குள் உதிர்ந்துவிடும், தாங்கினாலும் மவுண்ட்டில் நழுவும். அதற்கு நிறுத்து முள் உள்ள மவுண்ட் வேண்டும். "இன்னாடா வாங்கினே?" என்று மாமா கேட்டபோது எனக்கு ஸ்பிரிங் பற்றி எதுவும் தெரியாது.

இரண்டாவது தடவை எண்களைப் படித்தேன். 4×32 என்றால் நாலு மடங்கு, முன் லென்ஸ் 32 மி.மீ. 32-ஐ நாலால் வகுத்தால் 8. அந்த 8 மி.மீ. அகல ஒளிக்கற்றைதான் கண்ணுக்கு வருகிறது. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி 2, 3 மி.மீ.தான் திறக்கும். அப்புறம் 50 மி.மீ. லென்ஸ் எதற்கு? கனத்துக்கும், ஸ்கோப்பைக் குழலிலிருந்து இன்னும் உயரத்தில் தூக்கி வைப்பதற்கும்தான். உயரம் கூடினால் வம்பு வேறு. ஸ்கோப் குழலுக்கு 4 செ.மீ. மேலே இருந்தால், மூன்று மீட்டரில் இருக்கிற பெருச்சாளியின் தலையில் கோடு வைத்தால் பெல்லட் காலில் படும். ஒன்பது மடங்கும் அப்படியே, நடுக்கத்தை ஒன்பது மடங்காகக் காட்டும், அவ்வளவுதான்.

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஸ்கோப்பே கிடையாது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், நம் பாகூருக்குப் பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் பெரிதாக்காத துளைக் குறியில்தான். பெல்லட் மாமாவிடம் இருக்கிற அதே 4.5 மி.மீ. இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் தன் துப்பாக்கியை மரியாதையாகப் பார்த்தார்.

4×32, ஏர் ரைஃபிளுக்கானது, நிறுத்து முள் மவுண்ட்டோடு வந்தது. வாங்குமுன் ஒரு சண்டை. "மார்கழியில ஏரிக்கு மடையான் வரும்டா" என்று ஆரம்பித்தார். பறவைக்கு என்றால் நான் வாங்கித் தரமாட்டேன் என்றேன். "சரணாலயம் வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரிதானடா, பாகூர் ஏரி இல்லியே?" ஊசுட்டேரியை 2008-ல் அறிவித்தார்கள், வாஸ்தவம். ஆனால் 1972-ம் வருட வனவிலங்குச் சட்டம் பறவையைக் காக்கிறது, அது எந்த ஏரியில் நின்றாலும். சுட முயற்சி செய்தாலே அந்தச் சட்டப்படி அது வேட்டைதான். மாமா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூணாம் நாள் காலையில், "சரி, கொட்டாங்குச்சிக்கே வாங்கு" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது. அவருடைய இளமைக் கதைகள் எல்லாமே அந்த ஏரிக்கரைதான்.

சரிசெய்ய ஒரு முழு சாயங்காலம் ஆனது. ஒரு க்ளிக் திருகினால் 100 கெஜத்தில் கால் அங்குலம் நகரும் என்று போட்டிருந்தது. அப்படியானால் 25 கெஜத்தில் ஒரு அங்குலம் நகர்த்த 16 க்ளிக். நான் நாலு நாலாகத் திருகி, "நகரவே இல்லை, இதுவும் டுபாக்கூர்" என்று கத்திக்கொண்டிருந்தேன். கணக்கு புரிந்தது மாமாவுக்குத்தான். ஏழாவது பெல்லட்டில் கொட்டாங்குச்சி பறந்தது. பின்னால் மண்மேடு போட்டிருந்தோம், இல்லாவிட்டால் பெல்லட் திரும்பி வரும்.

அன்று இருட்டுவதற்குள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, "ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வருவமா?" என்றார். நான் முறைத்தேன். "சுட இல்லடா, இதுல பாக்கத்தான்" என்றார். துப்பாக்கி ஸ்கோப்பில் எதைப் பார்த்தாலும் குழலும் அதன்மேல்தானே நீட்டிக்கொண்டிருக்கும், கரையில் ஆள் நடமாட்டம் வேறு என்றேன். அவர் அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

இப்போது 8×42 பைனாகுலருக்குப் பணம் சேர்க்கிறோம். 42-ஐ எட்டால் வகுத்தால் எவ்வளவு என்று மாமாவே சொல்கிறார்.