கல் கடித்த நாய்

நெடுந்தீவிலே சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல்லே வேலி. எம் வீமன் விரும்பிக் கடித்ததும் அதுவே. மேற்கடைவாய்ப் பல்லொன்று பிளந்து, அவன் சோற்றை மறுத்த அன்றே எமக்கு அறிவு வந்தது. பழைய நைலோன் கயிற்றை முடிந்து கொடுத்தோம். இழை குடலிற் சிக்கினால் உயிருக்கே கேடு என மிருகவைத்தியர் கடிந்தார். பனங்கொட்டையோ, சூப்பி முடிந்தால் அதுவும் கல்லே. நகத்தால் அழுத்தக் குழியாத பொருள் பல்லுக்கு ஆகாதாம்.

1970களில் அமெரிக்கக் கொலராடோவிலும் ஜோ மார்க்கம் என்பாரின் நாய் கல் கடித்துப் பல் தேய்ந்தது. வொக்ஸ்வாகன் வண்டியிற் கழற்றிய இறப்பர் உறுப்பொன்றை அது விரும்பக் கண்டு, அவ்வடிவிலே பொம்மை செய்தார். அத்தகையதொன்றைக் குறிகட்டுவான் படகில் வருவித்தோம். மாணவர் நகைத்தனர்; நகைக்கட்டும். உள்ளே சோறும் முள் நீக்கிய மீனும் அடைத்துக் கொடுப்போம். ஈராண்டாகியும் கிழியவில்லை. பிளந்த பல்லைத்தான் பிடுங்க நேர்ந்தது.